இரு கோபுரங்களை ஒரே மேசையில் நிறுத்தியவருக்கு

நகரமைப்புப் பிரிவின் நடுநாயகமே! வரைபடத்தின் கோட்டை மட்டும் பாராமல், அந்தக் கோட்டுக்குள் குடியிருப்பவரின் வாசலையும் பார்த்த வல்லவரே! வளைந்துகொடு என்றபோது நிமிர்ந்து நின்றும், வாயை மூடு என்றபோது விளக்கை ஏற்றியும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகராட்சியின் மூன்றாம் மாடியை முழுமூச்சாய்க் காத்து நின்ற எங்கள் தலைமை நகரமைப்பு அலுவலரே! அறைக்குள் நீங்கள் எங்களுக்கு மேடம். அறைக்கு வெளியே விளக்கம்மா. இந்த இரண்டாவது பெயர் உங்களுக்குத் தெரியாது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். தெரியும் என்று போன வாரம்தான் தெரிந்தது. வணக்கம்!

பணி நிறைவு பெறுபவருக்குப் படிக்கும் மடலில் அமைதியான ஓய்வு வாய்க்கட்டும் என்று எங்காவது ஒரு வரி இருக்க வேண்டும். நாங்களும் எழுதிப் பார்த்தோம். வரைவாளர் அண்ணன் படித்துவிட்டு, "யாருக்குப்பா இது? நம்ம ஆபீஸ்ல வேற யாராவது ரிட்டயர் ஆகுறாங்களா?" என்று கேட்டார். அந்த வரியை அடித்துவிட்டோம். நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்தோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணை ஆணையர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். பொறுத்தருளாவிட்டாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவோம்.

மர நகரை ஆண்ட மாண்பினரே! மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், மேசையை முழுவதும் அடைத்துக்கொண்டு கிடந்தது உங்கள் மர நகரம். நகர மையத்தின் ஒவ்வொரு கட்டடமும் ஒரு சிறு கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழி. பிடுங்கி எடுக்கலாம், திரும்பச் செருகலாம். கடைவீதி, சந்தைக் கூடம், வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பு, அதன் முதுகில் பள்ளியும் விளையாட்டுத் திடலும். யார் எதைக் கட்ட அனுமதி கேட்டு வந்தாலும், அது வெறும் சைக்கிள் கொட்டகையாகவே இருந்தாலும், உங்கள் சட்டம் ஒன்றுதான். "மொதல்ல குழியில வைங்க. அப்புறம் பேசலாம்." வைத்த பிறகு ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கழுத்து வளையும் அந்தப் பழைய மேசை விளக்கைக் கையில் தூக்கிக் கிழக்கிலிருந்து மேற்கே மெல்ல நடப்பீர்கள். எங்கள் சூரியன் உங்கள் கையில் இருந்தது. கட்டடக்காரர்கள் எத்தனையோ பேர் அந்த அறைக்குள் புன்னகையோடு நுழைந்து, கணக்குப் போட்டபடி வெளியேறியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நீங்கள் கண்டிப்பானவர் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஒரே வரைபடத்தை நான்கு முறை திருப்பி அனுப்புவீர்கள். ஐந்தாம் முறை வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல" என்பீர்கள். உங்கள் அகராதியில் அதற்குமேல் புகழ்ச்சி கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காக மதிய உணவை மறந்தவர்கள் இந்த மடலின் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பிறகு அந்த இரண்டு கோபுரங்கள் வந்தன. நகர மையத்தில் கிழக்கே ஒரு நிறுவனம் முப்பத்தெட்டு மாடிக்குக் கண்ணாடியாலேயே ஒரு கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தது. ஊர் அதற்கு ஐஸ்கட்டி என்று பெயர் வைத்தது. மேற்கே இன்னொரு நிறுவனம், மாடிக்கு மாடி உள்வாங்கிப் போகும், செடி கொடி தொங்கும் ஒன்றைக் கொண்டுவந்தது. அது படிக்கட்டு ஆயிற்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி என்று நகரமன்றம் அறிவித்ததும் ஊர் இரண்டாகப் பிளந்தது. சலூனில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருப்பவரைக்கூட விடாமல், "அண்ணே, நீங்க ஐஸா, படியா?" என்று கேட்டார்கள். நாளிதழ்கள் வாக்கெடுப்பு நடத்தின. நம் ஓட்டுநர் ஒருநாள் வண்டிக் கதவைத் திறந்துவிட்டபடியே, "எங்க மாமனார் படிக்கட்டு, நான் ஐஸ்கட்டி. சாப்பிடும்போதே மொறைக்கிறாரு மேடம். நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "நான் நடுவுல குடியிருக்கேன்பா" என்றீர்கள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

அது நகைச்சுவை அன்று. இரண்டு மனைகளுக்கும் நடுவில் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பில், தந்தை வழி வந்த இரண்டறை வீட்டில்தான் நீங்கள் இன்றும் வசிக்கிறீர்கள். இந்த உண்மையை எவரும் துருவிக் கண்டுபிடிக்கவில்லை. கோப்பு மேசைக்கு வந்த அன்றே நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். அந்த நேர்மையை உங்களுக்கு எதிராகவே எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைச் சற்றுப் பிறகு சொல்கிறோம்.

திட்டக்குழு கூடிய பிற்பகலை எங்களில் எவரும் மறக்கமாட்டோம். இரு நிறுவனங்களின் கட்டடக் கலைஞர்களும் தத்தம் கோபுரத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் தாங்கி வந்தார்கள். நீங்கள் வழக்கம்போல், "பெட்டிய விட்டு எடுத்துக் குழியில வைங்க" என்றீர்கள். கிழக்குக்காரர் வைத்தார்; எல்லோரும் பார்த்தார்கள்; தலையசைத்தார்கள். அடுத்து மேற்குக்காரர் எழுந்துவந்து, தம்முடையதை வைப்பதற்கு முன் ஐஸ்கட்டியைப் பிடுங்கக் கைநீட்டினார்.

"அத ஏன் சார் எடுக்குறீங்க?"

"என்னோடத வைக்கணுமே மேடம்."

"உங்க குழி இந்தப் பக்கம் இருக்கு. அது அங்கேயே இருக்கட்டும்."

எங்கள் நகரமே மாதக்கணக்கில் மறந்திருந்த ஒன்று அந்த நொடியில் மேசைமேல் ஏறி நின்றது. இரண்டு கோபுரங்களையும் ஒருசேர எவரும் பார்த்ததே இல்லை! நீங்கள் இருவருடைய வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தீர்கள். ஐஸ்கட்டியின் வரைபடத்தில் மேற்கு மனை ஒரு பசுஞ்சோலை. படிக்கட்டின் வரைபடத்தில் கிழக்கு மனை ஒரு பசுஞ்சோலை. "ரெண்டு பேரும் ஒருத்தர் மனையில ஒருத்தர் மரம் நட்டிருக்கீங்க" என்றீர்கள். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

பிறகு திரைகள் இறங்கின. விளக்கு கிழக்கில் எழுந்தது. ஐஸ்கட்டியின் நிழல் குடியிருப்பின்மேலும் பள்ளித் திடலின்மேலும் படுத்தது. காலை முழுவதும் அங்கேயே கிடந்தது. "மதியத்துக்கு மேல நல்ல வெயில் வரும்னு எங்க அறிக்கையிலயே சொல்லிருக்கோம்" என்றார் கிழக்குக்காரர். உண்மைதான்; உச்சியில் விளக்கு வந்தபோது மொட்டை மாடிகளில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. விளக்கு மேற்கே சாய்ந்ததும் படிக்கட்டின் நிழல் மறுபக்கத்திலிருந்து வந்து அந்தக் கீற்றையும் மூடிற்று. காலை வெயில் வரும் என்று அவர்களும் தம் அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். இரண்டு அறிக்கைகளும் உண்மை. இரண்டும் சேர்ந்தால் நானூறு குடும்பங்களுக்கு வெயில் இல்லை.

"நிழல்தானே மேடம், கோடைக்கு நல்லதுதானே?" என்றார் ஓர் உறுப்பினர்.

"மரத்து நிழல் வேண்டாம்னா கிளைய வெட்டலாம் சார். முப்பத்தெட்டு மாடிய எத வெச்சு வெட்டுவீங்க?"

"சின்னப் பிள்ளை வெளாட்டு மாதிரி இருக்கு" என்றார் மேற்குக்காரர்.

"ஆமா சார். அதான் எல்லாருக்கும் புரியுது."

துணை ஆணையர் அவர்கள் அப்போது எழுந்து, "நம்ம முன்னால இருக்குற கேள்வி, ரெண்டுல எது? ரெண்டையும் சேர்த்து வைக்க யாரு சொன்னா?" என்று கேட்டார்கள். நீங்கள் விளக்கை அணைக்காமலே திரும்பினீர்கள். "இந்த வருஷம் தோத்தவங்க மனைய வித்துட்டு ஊரை விட்டுப் போயிடுவாங்களா சார்? அடுத்த வருஷம் திரும்ப வருவாங்க. அப்ப, அவங்களுக்குக் கொடுத்தீங்களே, எங்களுக்கு ஏன் இல்லைன்னு கேப்பாங்க. கொடுத்துடுவீங்க." இரண்டு கட்டடக் கலைஞர்களும் ஒரே நேரத்தில் கூரையை ஆராய்ந்தார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

அஞ்சாமையின் அணிகலனே! அதன்பின் நடந்ததை இந்த மண்டபம் அறியட்டும். ஏதாவது ஒன்றைப் பரிந்துரைத்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து ஆராயாமல், உயரத்தைக் குறைக்காமல், எதையும் பரிந்துரைக்க இயலாது என்று எழுதினீர்கள். "அம்மாவுக்கு வீட்டு மாடியில துணி காயாதேன்னு கவல" என்று தாழ்வாரத்தில் ஒருவர் நக்கலடித்தார். நீங்கள் நின்று, "ஆமா, கவலைதான். என் துணி மட்டுமா காயணும்?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். உங்கள் தங்கை தொலைபேசியில், "அக்கா, போற நேரத்துல எதுக்கு வம்பு? கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்கு வாயேன்" என்று கெஞ்சியது எங்களுக்கே கேட்டது. "அந்த வீட்டுக்குத்தானேடி வரணும்" என்றீர்கள்.

அலுவலரின் வீடு அதே பகுதியில் இருப்பதால் அவர் குறிப்பு ஒதுக்கி வைக்கப்படுகிறது என்று உத்தரவு வந்தது. உங்களை லிஃப்ட் இயந்திரம் உறுமும் கீழ்த்தள அறைக்கு மாற்றினார்கள். மர நகரத்தை மூன்றாம் மாடிக் கூட்ட அறையிலிருந்து உடனே அகற்றச் சொன்னார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை, நீங்கள் ஓய்வு பெறும் நாளுக்கு மறுநாள் வைத்தார்கள். அன்று நீங்கள் இந்த அலுவலகத்தில் இருக்கமாட்டீர்கள் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் அன்புக்குரியவரே! அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதே இந்த மடலின் நோக்கம்.

கருத்துக் கேட்பில் நகராட்சி அலுவலர் எவரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. கூட்டத்தை ஒரு நாள் முன்னதாக வைத்திருந்தால், நீங்கள் சுவரோரம் நாற்காலியில் மௌனமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாளைக் காலை நீங்கள் அலுவலர் அல்லர். பாதிக்கப்படும் பகுதியில் வசிப்பவர் எவரும் பேசலாம் என்பது அதே விதியின் அடுத்த வரி. நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதை நாங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. துணை ஆணையர் அவர்களே உத்தரவில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்! உங்கள் பேனாவைப் பிடுங்குவதற்காக எந்த வீட்டைச் சுட்டிக்காட்டினார்களோ, அந்த வீடுதான் நாளை உங்கள் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கிறது.

மர நகரத்தைப் பொறுத்தவரை, நாங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம். கூட்ட அறையிலிருந்து அகற்றச் சொன்னார்கள்; அகற்றினோம். எங்கே வைக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை. இந்த மேடையின் ஓரத்தில் வெள்ளைத் துணி போர்த்திய நீண்ட மேசையைச் சிற்றுண்டி என்று எண்ணி இருமுறை எட்டிப் பார்த்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும். அது சிற்றுண்டி அன்று. நாளைய கூட்டமும் இதே மண்டபத்தில்தான். மாதிரி இழைக்கும் எங்கள் சகோதரி இரண்டு கோபுரங்களையும் அளவு பிசகாமல் புதிதாக இழைத்துக் குழியில் செருகியிருக்கிறார். இரண்டையும்.

பிரிவுபசாரத்தில் பரிசு தருவது முறை. நெடுநேரம் விவாதித்தோம். கைக்கடிகாரம் வேண்டாம் என்றோம். நேரம் பார்த்து வேலை செய்தவரல்லர் நீங்கள். ஆகவே, அலுவலகத்துக்கு வேறொரு விளக்கை எங்கள் செலவில் வாங்கி வைத்துவிட்டு, முறைப்படி ஒப்புதல் பெற்று, கழுத்து வளையும் உங்கள் பழைய விளக்கையே துடைத்து, புது பல்பு மாட்டி, உங்களுக்கு அளிக்கிறோம். வழக்கமாகப் பரிசு பெற்றவர் அதை வீட்டு அலமாரியில் வைப்பார். நீங்கள் இதை வீட்டில் வைக்கக் கூடாது. நாளைக் காலை பத்து மணிக்கு மறக்காமல் கொண்டுவர வேண்டும். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டால் ஒத்திவைத்த நாளில் கொண்டுவர வேண்டும். எத்தனை முறை ஒத்திவைத்தாலும் ஜன்னல் திரையை இழுத்துவிட எங்களில் ஒருவர் இங்கே இருப்பார்.

நீடூழி வாழ்க, அம்மா! மூட்டு வலியும் மூச்சிரைப்பும் அண்டாமல், காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் ஏறி இறங்கும் உங்கள் மாடியில், காய்ந்த துணியை மடித்தபடி நெடுங்காலம் நலமோடு வாழ்க! நாளை நாங்கள் வாய் திறக்க முடியாது, சுவரோரம் நிற்போம். நீங்கள் விளக்கோடு மேற்கே நடந்து முடித்ததும் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்து, "பரவாயில்ல" என்று சொன்னால் போதும்.

என்றும் உங்கள் மேசையைச் சுற்றி நிற்கும்,

வரைவாளர், மாதிரி இழைப்பவர், தட்டச்சர், நில அளவர்கள், ஓட்டுநர்,
மற்றும் நகரமைப்புப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்.

(இதன்கீழ் ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். அது துணை ஆணையர் அவர்களுக்கு. அவசரமில்லை, நாளைக் கூட்டம் முடிந்த பிறகு போட்டாலும் ஏற்றுக்கொள்வோம். அதன் பின்னரே இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடப்படும்.)