சுருக்கமில்லாத விரிப்பு

உங்கள் மேசை விரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, இன்ஸ்பெக்டர். சரி செய்துவிடுகிறேன். ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். செவிலியர் கல்லூரியில் காலமெல்லாம் பாடம் எடுத்த கை இது. சுருக்கத்தைப் பார்த்தால் சும்மா இருக்காது.

முதல் வருடப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். செவிலியர் பணிக்கு உன் கொள்கை என்ன? புத்தகத்தில் இருப்பது வேண்டாம், உன்னுடையதைச் சொல். "காது கொடுக்கிறதுதான் மேடம். அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு நாம புரிஞ்சுக்கணும்" என்றாள் பிரான்சி, வையம்பட்டிப் பெண். இன்று என் மீது புகார் கொடுத்திருப்பவளும் அவள்தான். என் கொள்கை வேறு. உயிரைக் காப்பாற்ற டாக்டர் இருக்கிறார். மானத்தைக் காப்பாற்ற நாம்தான் இருக்கிறோம்.

என் கணவர் அற்புதசாமி தலைமையாசிரியராக இருந்தவர். ஞாயிறு திருப்பலியில் அவர் வாசகம் வாசித்தால் கைக்குழந்தைகூட அழாது. பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. குடிகாரர்கள் தெருவில் சொல்லும் வார்த்தை. பேச்சு அழியும்போது சிலருக்கு வசைச்சொல் மட்டும் தங்கிவிடும் என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். வகுப்பில் அது ஒரு அறிகுறி. வீட்டுக் கூடத்தில் அது வேறு.

ஃபாதர் நற்கருணை கொண்டுவந்தார். இவர் முகமெல்லாம் சிரிப்பாக அந்த வார்த்தையால் அவரை வரவேற்றார். "பரவாயில்லம்மா, 'வாங்க ஃபாதர்'னு சொன்னதாத்தான் எடுத்துக்கிட்டேன்" என்றார் அவர். அதற்குப் பிறகு நான் யாரையும் உள்ளே விடவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஜமீலையும் நிறுத்தினேன். "இன்னும் கொஞ்ச நாள்ல வேற வார்த்தை வரும்மா" என்று கெஞ்சினார். அதுவரை இந்த வார்த்தை தெருவுக்குக் கேட்குமே.

அந்தக் காகிதங்களின் மேல் எதையாவது வையுங்கள். காற்றில் அடித்துக்கொள்கின்றன.

என் கணவரைப் பார்த்துக்கொள்ள, படிப்பு முடித்திருந்த பிரான்சியை வீட்டோடு வைத்திருந்தேன். "என்னங்கய்யா, காலையிலேயே ஆசீர்வாதமா? சரி, சட்டையை மாத்துவோம் வாங்க" என்பாள். இவர் சிரிப்பார். என்னைப் பார்த்து அவர் சிரித்து நாளாகியிருந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

விழுங்குவது அவருக்குச் சிரமம். தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கூழாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். எனக்கு இது தெரியுமா என்று கேட்டீர்கள். தேர்வில் நான் தவறாமல் வைக்கும் கேள்வி அது.

மகள் டெல்பினைப் பெண் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை தில்லை நகரிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் வருவதாக இருந்தது. "அப்பாவ ஹால்ல உக்கார வைங்கம்மா. அப்பா இல்லாம நான் பூ வச்சுக்க மாட்டேன். அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டாளாம். எங்கள் வீட்டு விஷயத்தை.

சனிக்கிழமை பிரான்சியைப் பூ வாங்க ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினேன். எங்கள் கே.கே. நகரிலேயே பூ கிடைக்கும். ஆனால் காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துதான் போகும், வரும்.

அவருக்கு முகம் மழித்து, வெள்ளை வேட்டி மாற்றினேன். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினேன். பிறகு டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். பொடி கலக்காத தண்ணீர். என் கையால் கொடுத்ததால் குடித்தார். இருமினார். அந்த வார்த்தை வரப்போகிறது என்று ஜன்னலைச் சாத்தினேன்.

"ராணி" என்றார்.

லூர்துராணி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார். வாசகம் வாசிக்கும் அதே குரல். ஜமீல் சொன்னது சரிதான், வேறு வார்த்தை வந்துவிட்டது. அந்த நிமிடமே அவரை நிமிர்த்தி, முதுகைத் தட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அதற்கடுத்து எந்த வார்த்தை வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

டம்ளரை மறுபடி நிரப்பினேன். அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார். மூடிய வாயை எப்படித் திறப்பது என்பது எங்கள் தொழிலில் சிறிய விஷயம்.

பிரான்சி திரும்பி வந்ததும், கையிலிருந்த பூவைக்கூடக் கீழே வைக்காமல், "தலைப்பக்கத்த யாரு மேடம் இறக்குனது?" என்று கேட்டாள். நல்ல மாணவி. விரிப்பு சுருங்கியிருந்தது, சரி செய்தேன் என்றேன். உண்மையிலேயே அதில் ஒரு சுருக்கமும் இல்லை.

அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியாக அவர் வாயில் வந்தது மனைவியின் பெயர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் சொல்லி, அடக்கத் திருப்பலியில் ஃபாதர் அதைச் சொன்னபோது கோயிலே அழுதது. டெல்பின் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. சின்னப் பெண்.

அவர் நன்றி சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார். வேறு எதற்குக் கூப்பிட்டிருப்பார்?