மலையைப் பார்த்த ஜன்னலில் பூசணம்

ஜன்னலோரம் பூசணம் பிடித்தால் வாஷிங் சோடாவைக் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்தாலே போதும், போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும் ஏட்டையா. விவரம் தெரியாத பொம்பளை செய்த காரியம் என்று எழுதிவிடாதீர்கள், அதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் நாத்தனார் திரௌபதி, "காத்துல கதவு பிச்சிகினு விழுந்துடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம், "ஓதம் ஏறின ஜன்னல் சார், கீல் துரு புடிச்சிருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள். ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை, லேசான தூறல்தான். ஓதமும் தானாக ஏறவில்லை. நான்தான் ஏற்றினேன்.

செங்கம் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. எண்பத்தேழில் கட்டியது. மாடியில் ஒரே அறை, அதில் ஒரே ஜன்னல். அந்த ஜன்னல் நேராக மலையைப் பார்த்திருக்கும். கார்த்திகை தீபத்தன்று ஆறு மணிக்கு உச்சியில் ஏற்றுகிற தீபம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து வாடகை வீட்டில் இருந்தவள் நான். இந்த ஜன்னலுக்காகவே என் வளையலைக் கழற்றிக் கொடுத்தேன்.

அந்த வருஷமே நாத்தனார் வந்துவிட்டார், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து, கொடியேற்றத்தன்றே, பதினான்கு பேரோடு. அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினாலே தீபம் தெரியும் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். "இருந்தாலும் கிட்டக்க பாக்கறா மாதிரி ஆவுமா எழிலு?" என்பார். பத்து நாள் இருப்பார்கள். தீபத்தன்று நாலு மணியிலிருந்து நான் கீழே அடுப்படியில் அப்பம் சுடுவேன், வடை போடுவேன், பொரிக்குப் பாகு காய்ச்சுவேன். தீபத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றிப் படைக்க வேண்டும், அப்புறம்தான் சாப்பாடு என்பது நம் ஊர் வழக்கம். காலையிலிருந்து பட்டினி கிடக்கிற பதினான்கு பேருக்கு அந்த நேரம் இலையில் எல்லாம் தயாராக இருக்க வேண்டாமா?

சரியாக ஆறு மணிக்கு வாணலியை இறக்கி வைத்துவிட்டு ஓடுவேன். ஜன்னலில் தலை மேல் தலை. நடுவில் அண்ணி, என் நாற்காலியில், காலைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டு. கொண்டையில் டிசம்பர் பூ. ஊரே அரோகரா என்று கத்தும். நானும் கைகூப்புவேன், அந்தக் கொண்டையைப் பார்த்து. பதினோரு வருஷம் நான் தரிசித்த தீபம் அந்தக் கொண்டைதான்.

ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டேன். "கொஞ்சம் தள்ளுங்க அண்ணி, நானும் பாக்கறேன்." அண்ணி சிரித்தார். "பதினோரு நாளு எரியப் போவுது, நாளைக்குப் பாத்துக்கயேன். போயி எண்ணெயப் பாரு, தீயப்போவுது."

ஏற்றுகிற நொடியில் பார்ப்பதும் மறுநாள் பார்ப்பதும் ஒன்றா? நீங்கள் பந்தோபஸ்துக்கு நிற்கிறவர், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "அக்கா வருஷத்துக்கு ஒரு வாட்டிதான வருது" என்பார். எனக்கும் தீபம் வருஷத்துக்கு ஒரு வாட்டிதான்.

தொண்ணூற்று நாலில், ஐப்பசி மழையில், ஜன்னலுக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பூசணம் வந்தது. துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் அண்ணிக்கு வீசிங் இருப்பது நினைவுக்கு வந்தது. துணியை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு அதைச் சும்மா விட மனசு வரவில்லை. தினமும் சோறு வடித்த கஞ்சியில் ஒரு டம்ளர். அமாவாசைக்கு அமாவாசை புளித்த மோர். ஜன்னலை இழுத்துச் சாத்தி, கதவு முழுக்க ஈரச்சாக்கைத் தொங்கவிடுவேன். குழந்தைக்குப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் நேரமும் இருந்தது. மூன்றே வாரத்தில் கறுப்பு, பச்சை, ஓரத்தில் கொஞ்சம் ரோஸ் என்று சுவர் நிறைய வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் பாவம், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து அடித்தார். அவர் ஆபீசுக்குப் போனதும் நான் கஞ்சி ஊற்றினேன். மேஸ்திரி சகாதேவனை அழைத்து வந்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "சன்ஷேடுல விரிசல்மா" என்று சிமெண்ட் பூசினார். மறு மாதமே பூசணம் பூத்தது. பெயர்த்துவிட்டு மறுபடி பூசினார். மறுபடியும் பூத்தது. மூன்றாம் தரம் அந்த மனுஷன் சுவரைத் தொட்டுக்கொண்டு, "முப்பது வருஷத் தொழில்மா" என்று கண்கலங்கி நின்றார். அவருக்கு மோர் கொடுத்தேன். மிச்சத்தைச் சுவருக்கு ஊற்றினேன். இப்போது அவர் ஜன்னல் வைத்த வேலை எதுவும் எடுப்பதில்லையாம். செப்டிக் டேங்க் மட்டும் கட்டுகிறார்.

அண்ணி லேசில் விடவில்லை. முதல் வருஷம் மூக்கில் முந்தானையைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இரண்டாம் வருஷம் தும்மிக்கொண்டே பார்த்தார். தொண்ணூற்றாறில் மூச்சிரைத்து, நாற்காலியோடு கீழே தூக்கி வந்தோம். நானும் ஒரு கால் பிடித்தேன். அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். உருப்படியாக ஒரு பலன் தெரிகிறது என்று நினைத்தேன். போன வருஷம் தீபத்தன்று முழுக்க மழை மேகம், யாருக்குமே தெரியவில்லை. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. டாக்டர் கூடாது என்றுவிட்டாராம், யாரும் வரவில்லையாம். வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போய், ஆபீஸ்காரர்களோடு கிரிவலம் போய்விட்டார். எனக்கும் வருத்தமாக இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கே படையலுக்கு எல்லாம் செய்து முடித்தேன். தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவை கட்டினேன். கொண்டை போட்டு டிசம்பர் பூ வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலைத் திறக்கப் போனேன். கதவு வரவில்லை.

நாலு வருஷமாகத் தண்ணீர் குடித்த மரம், ஏட்டையா. உப்பிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. தள்ளினேன், குத்தினேன், கெஞ்சினேன். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழே ஓடி உலக்கையை எடுத்து வந்தேன். கம்பிக்கு நடுவே விட்டு இடிக்க ஆரம்பித்தேன்.

அப்போது ரோட்டிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டீர்கள். கூப்பிட்டார்கள். "எழிலு, எழிலு" என்று. அது அண்ணியின் குரல் என்பதும் தெரிந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கிறார் என்பதும் தெரிந்தது. பதினோரு வருஷமாக அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டதெல்லாம் அடுப்படிக்குத்தான். அதனால் கொஞ்சம் ஓங்கியே இடித்தேன்.

கீல் பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கக் கதவு முழுசாகப் போய் விழுந்தது. நல்லவேளை, குடை பிடித்திருந்தார். மணிக்கட்டு மட்டும்தான் முறிந்திருக்கிறது. அவர் கொண்டு வந்த தூக்கு உருண்டு, அப்பமும் பொரி உருண்டையும் சாக்கடை வரைக்கும் கிடந்தன. தனியாக பஸ் ஏறி எதற்கு வந்தார் என்பது வார்டில் அவர் சொன்ன பிறகுதான் தெரியும். "எல்லாத்தையும் நானே சுட்டு எடுத்தாந்தேன்டி. இந்த வருஷமாச்சும் நீ மேல உக்காந்து பாரு, கீழ நான் பாத்துக்கறேன்னு சொல்லத்தான் கூப்ட்டேன்."

கேட்டதும் அழுதேன். நர்சம்மாவே சாட்சி.

விழுந்ததும் ஏன் உடனே கீழே இறங்கவில்லை என்பது ஒன்றுதானே பாக்கி? சரியாக அந்த நேரம் உச்சியில் தீபம் ஏறியது. முதலில் பொட்டு மாதிரி, பிறகு நிமிர்ந்து நின்று எரிந்தது. முன்னால் ஒரு தலை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கால் மணி நேரம், கண் நிறையப் பார்த்தேன். கீழே அண்ணி அலறுவது காதில் விழத்தான் செய்தது. அவரும் தீபத்தைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.