பதினாலாம் நம்பர் தாள்

டீச்சர்: ...இங்கிலீஷ் பரீட்சையில பத்தொம்பது பேரும் எழுதினது ஒரே மலை, ஒரே அருவி அண்ணி! கைடு பார்த்து மனப்பாடம். பதினாலாம் நம்பர் மட்டும் வெறுந்தாள்.

அண்ணி: மூலையைப் பிடி மொதல்ல. விரிப்பு தரையில படுது பாரு.

டீச்சர்: பிடிச்சுட்டேன். ஏன்னே புரியல. வேலைக்குப் போறவங்களுக்கு நடக்குதே, அந்தக் காலை வகுப்பு டீச்சர் சொல்றா, எல்லாரையும் விட அந்த ஆள்தான் நல்லா இங்கிலீஷ் பேசுமாம்.

அண்ணி: பேரு... என்னவாம்?

டீச்சர்: திருத்துற எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்.

அண்ணி: ஓ... சரி, உதறு.

டீச்சர்: அப்பா, என்ன சூடு, என்ன ஆவி! மேகத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. உங்க முகம்கூடத் தெரியல.

அண்ணி: ஆஸ்பத்திரி விரிப்பு அத்தனையும் இந்தச் சலவைக்கூடத்துலதான் பறக்குது. எனக்குத் தினமும் எட்டு மணி நேரம் மேகம்தான்... என்ன கேள்வி குடுத்தே?

டீச்சர்: 'மறக்க முடியாத சுற்றுலா பற்றித் தோழிக்குக் கடிதம் எழுதுக.' நானே யோசிச்சது.

அண்ணி: பெருமை வேறயா! உங்கண்ணனைக் கட்டி பதினஞ்சு வருஷம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்க போனோம், சொல்லு?

டீச்சர்: கற்பனையா எழுதலாமே?

அண்ணி: கற்பனைக்கு என்ன குறைச்சல்? இந்த விரிப்பைத் தூக்கினா பாய்மரம். கண்ணை மூடினா கடல்... ஆனா அதைத் தோழிக்கு எதுக்கு எழுதணும்? அவ பக்கத்து மெஷின்லதானே நிக்கிறா.

டீச்சர்: இருங்க... இருங்க. அதான் விஷயம்!

அண்ணி: எது? நீளவாக்குல மடி.

டீச்சர்: கேள்வியில எல்லாம் வச்சேன், படிக்கிற ஆளை வைக்கல. யாருக்கு, எதுக்குன்னு தெரியாம பேனா எப்படி நகரும்? வெள்ளிக்கிழமை மறுபரீட்சை. அதுவும் வெறுந்தாள்னா வகுப்புல இருந்து பேரையே எடுத்துடுவாங்க.

அண்ணி: எடுத்துடுவாங்களா?

டீச்சர்: ம்... ஏன், கை நின்னு போச்சு?

அண்ணி: துணி காய வைக்கிற மூணாம் மெஷின் முனகுது, அதான். கேக்குதா... தூக்கத்துல பேசுற மாதிரி? உடனே நிறுத்தணும். கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து, ஆவி போனதும் மறுபடி போடணும். இல்லாட்டி துணி கருகிடும்.

டீச்சர்: அடுத்த ஷிப்டுல வர்றவளுக்கு இது தெரியுமா?

அண்ணி: அவளுக்கு நம்ம பாஷை தெரியாது, நான் போன பிறகுதான் வருவா. நான் சொல்றதை மேஸ்திரி இங்கிலீஷ்ல நோட்டுல எழுதுவாரு. 'மெஷின் சரியில்லை'... அவ்ளோதான். போன வாரம் முப்பது விரிப்பு கருகிச்சு. பழி என் தலையில.

டீச்சர்: பரீட்சையில இதையே கேட்டா? அழகா எழுதணும்னு இல்ல. அதைப் படிக்கிறவங்க கதவைச் சரியாத் திறந்தா முழு மார்க்கு.

அண்ணி: கேள்வியை முன்னாடியே வெளிய சொல்லலாமா?

டீச்சர்: எல்லாருக்கும் இன்னிக்கே சொல்லிடுவேன். அவங்கவங்க வேலைக்கு எந்தக் கைடு இருக்கு, மனப்பாடம் பண்ண?

அண்ணி: அப்ப... எழுதிடுவேன்.

டீச்சர்: யாரு?

அண்ணி: எழுதிடுவாங்கன்னு சொன்னேன். அந்தப் பதினாலு.

டீச்சர்: போதும் அண்ணி. வெறுந்தாளை மூலைக்கு மூலை சேர்த்து, ஓரத்தை உள்ள சொருகி, விரிப்பு மாதிரி மடிச்சுக் குடுக்க வேற யாரால முடியும்? பார்த்ததும் நேரா இங்கதான் வந்தேன். வெள்ளிக்கிழமை கேள்வி இதுதான்: 'நாளைக்கு உங்க வேலையை வேற ஒருத்தர் செய்யப் போறார். அவருக்குத் தெரிய வேண்டியதை எழுதுங்க.'