மலையேற எண்ணும் எங்கள் நகுதாவுக்கு

தஜூரா வளைகுடாவின் இரு கரைகளையும் முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரே முற்றமாக்கிய முதல்வரே! அலைகளை அதட்டாமல் ஆண்டவரே! ஆட்டுக்கும் ஆளுக்கும் அரிசி மூட்டைக்கும் அதனதற்கு உரிய இடம் அளித்த அண்ணலே! எங்கள் பயணிகள் படகைச் செலுத்திய நகுதா, பெருமதிப்புக்குரிய ஹுமெது லுபாக் அவர்களே! வணக்கமும் வாழ்த்தும் கூற வந்த நாங்கள், வழக்கத்தில் இல்லாத ஒரு வேண்டுகோளையும் கொண்டுவந்திருக்கிறோம்.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடைசிவரை வைத்திருந்தால் சொல்லாமலே விட்டுவிடுவோம். ஓய்வு பெற்றதும், தஜூரா துறைக்கு எதிரே இருக்கும் உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, கோதா மலையில் ஆடு வளர்க்கும் தம்பியிடம் போய்விடப்போவதாகச் சொல்கிறீர்கள். போக வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல். அப்படிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா என்பது தெரியவில்லை. உங்கள் சிறப்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தால், அந்த உரிமை வழியில் எங்காவது கிடைக்கும் என்று நம்புகிறோம்.

சேதி சுமந்த செம்மலே! நீங்கள் பிறந்த அஃபார் குடியில், இருவர் எதிர்ப்பட்டால் தாகு என்னும் சேதிப் பரிமாற்றம் முடியாமல் அடுத்த பேச்சு இல்லை. எங்கே மழை, எந்தக் கிணற்றில் தண்ணீர், யார் வீட்டில் பிள்ளை, எவருடைய ஒட்டகம் காணவில்லை என்று, கண்டதும் கேட்டதும் கலப்பில்லாமல் இருவருக்குள்ளும் கைமாற வேண்டும். நிலத்தில் நடப்பவர்களின் நியதியை நீர்மேல் நடத்தியவர் நீங்கள். மீன்படகோ சரக்குப் பாய்மரமோ எதிரே வந்தால் விசையைத் தணித்து, படகோடு படகு ஒட்டி நின்று, ஒரு சேதியும் விடாமல் கொடுத்து வாங்கினீர்கள். அயல்நாட்டுப் போர்க்கப்பல்களுக்கும் கை உயர்த்தினீர்கள். எவரும் பதில் கொடுத்ததில்லை. "பாவம், அவங்க ஊர்ல ஒண்ணுமே நடக்கல போல" என்று இரங்கிவிட்டுப் போனீர்கள்.

இந்தப் பெருங்குணத்தால் வந்த பெரும்பிழை ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஒரு வைகாசி வெயிலில், தஜூரா கண்ணுக்கெதிரே வெள்ளை வெளேரென்று தெரிந்த தூரத்தில், ஒபோக்கிலிருந்து வந்த படகோட்டியோடு தாகு தொடங்கினீர்கள். அது முடிவதற்குள் கடல் இறங்கிவிட்டது. படகு மணல் திட்டில் அமர்ந்தது. மதியத்தில் போதைக்காக மெல்லும் காத் இலை, அன்றைய கட்டுகள் அத்தனையும் எங்கள் படகில். அவற்றுக்காகக் காத்திருந்த ஆண்கள் அனைவரும் கரையில்.

"யோவ் நகுதா! கதையை அப்புறம் பேசு, இலை வாடுது!"

"வாடட்டும்யா! நான் இன்னும் ஒபோக்குல பொறந்த ஒட்டகக் குட்டிகிட்டயே வரல!"

பயணிகள் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் நீரில் இறங்கி நடந்தார்கள். ஆடுகள் அவர்களுக்கு முன்னால் போய்விட்டன. படகுத்துறை அலுவலகம் உங்களைக் கண்டிக்க ஆளனுப்பியது. தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட நீங்கள், அவரை உட்காரவைத்து, வரும் வழியில் அவர் என்னென்ன கண்டார் என்றும் கேட்டீர்கள்!

அமைதியின் அருமை அறிந்தவரே! குளிர்கால விடியல் ஒன்றில், நீல நீருக்குள் புள்ளி போட்ட பெருஞ்சுறாக்கள் மிதந்துவர, நடுக்கடலில் இயந்திரத்தை அணைக்கச் சொன்னீர்கள். மெத்தைச் சுருளின்மேல் தூங்கிக்கொண்டிருந்த பெண்மணி விழித்து, "என்னப்பா, எஞ்சின் செத்துப்போச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, கீழ ஆளு போறாங்க. வழி விடணும்" என்றீர்கள். அந்தச் சுறாக்கள் படகின் நிழலுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, ஒவ்வொன்றாக வெளியேறின. மலை, வானம், நாங்கள் எல்லாரும் ஒரே உறக்கத்துக்குள் இருப்பதுபோல் இருந்தது. கடைசி வால் மறையும்வரை ஒரு குழந்தைகூட அழவில்லை.

இத்தனையும் இருக்க, ஏன் போகிறீர்கள்? சென்ற வாரம் ஏலக்காய்த் தேநீர் குடிக்கும்போது, சீட்டு எழுதும் கதீகா அதைத்தான் கேட்டாள்.

"மலைல என்ன இருக்கு நகுதா? குளிரும் குரங்கும்தானே?"

"இங்க மட்டும் என்னம்மா இருக்கப்போவுது? நீங்க வந்து இறங்குவீங்க, கை குடுப்பீங்க, கடல் சேதி அத்தனையும் சொல்லுவீங்க. பதிலுக்கு நான் என்னத்தச் சொல்ல? எழுந்தேன், ரொட்டி தின்னேன், படுத்தேன்னா? குடுக்க ஒண்ணுமில்லாம வாங்கிக்கிட்டே இருந்தா அது தாகு இல்ல, பிச்சை."

இயந்திரம் ஓட்டும் ரோப்லே சிரிக்கவைக்கப் பார்த்தார். "நிறுத்தி நிறுத்தி என் எஞ்சினைப் பாழாக்கினீங்களே, அதுக்காவது இங்கயே இருந்து தண்டனை அனுபவிங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. கோப்பையின் அடியில் கிடந்த ஏலக்காயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மலைக்குப் போவது ஆசையால் அல்ல, கூச்சத்தால் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்று முதல் பதில் தேடினோம். கௌரவ ஆலோசகர் என்று ஒரு பட்டம் கொடுக்கலாம் என்றார் ஒருவர். தினமும் மீன் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். எதைச் சொன்னாலும் அதுவும் நீங்கள் வாங்கிக்கொள்வதாகவே இருந்தது, கொடுப்பதாக இல்லை. ஒவ்வொன்றாக விட்டுவிட்டோம்.

நேற்று உங்கள் கடைசிப் பயணம். தஜூராவை நெருங்கும்போது கதீகா ரோப்லேயிடம் ஒன்று கேட்டாள். "ஆமா, நம்ம படகு வர்றது கரையிலேர்ந்து பார்த்தா எப்படி இருக்கும்?"

ரோப்லே அதைப் பார்த்ததே இல்லை. அவர் எப்போதும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். கயிறு வீசுகிறவர்கள் கயிற்றையே பார்த்திருக்கிறார்கள். கரையில் நிற்பவர்கள் தங்கள் உறவுகளையும் இலைக்கட்டையும் தேடுவார்களே தவிர, படகை எவரும் பார்ப்பதில்லை. ஆயுள் முழுவதும் அதைச் செலுத்திய நீங்களும், நகுதா, அது வருவதை ஒருநாளும் பார்த்ததில்லை.

தொலைவில் அது முதலில் புள்ளியாகத் தெரிகிறதா, புகையாகத் தெரிகிறதா? காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது? அதன் வெள்ளை நிறம் உப்பில் மங்கிவிட்டதா? நாங்கள் சோர்ந்து வருகிற நாளும் மகிழ்ந்து வருகிற நாளும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுவேறாகத் தெரியுமா? எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எத்தனை படகுகளை நிறுத்திக் கேட்டாலும் கிடைக்காது. கரையில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்க்கிற ஒருவரால் மட்டுமே தரமுடிந்த சேதி இது.

கடல் கற்ற கண்மணியே! உப்புக்காற்று உங்கள் மூட்டுகளிடம் மென்மையாக நடந்துகொள்ளட்டும். கோடைப் புழுதிக்காற்று உங்கள் கூரையைச் சுற்றிப் போகட்டும். உண்ட மீன் செரித்து, உறக்கம் ஆழ்ந்து, பார்வை மங்காமல் பல்லாண்டு இருங்கள். பார்வை மங்காமல் என்பதை எங்கள் நலனுக்காகவும் சேர்த்தே வேண்டுகிறோம்.

நாளைக் காலை எதிர்க்கரை நகரத்திலிருந்து புறப்படுவோம். கயிறு கட்டியதும் நேரே உங்கள் வாசலுக்கு வருவோம். கை கொடுத்துவிட்டு, எங்கள் சேதியைச் சொல்வதற்கு முன், உங்களிடம்தான் கேட்போம்.

நாங்கள் எப்படி வந்தோம், நகுதா?

இங்ஙனம்,
ரோப்லே, கதீகா மற்றும்
படகிலும் துறையிலும் உடன் உழைத்தோர் அனைவரும்,
தஜூரா படகுத்துறை