பாடு கேட்ட ஜமுனா

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் ஆதிநாராயணன் அவர்களே, அலையோடு மல்லுக்கட்டி மூத்த பெரியோர்களே, பசியாவரத்திலிருந்து படகேறி வந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே, காட்டூரிலிருந்து கதிர்வேலையைப் போட்டுவிட்டு வந்த உழவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

"தாராளவாதத்தை எதிர்ப்போம்" என்று தலைப்புக் கொடுத்து என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். எதிர்க்கிறேன்! காசுள்ளவன் கடலை வளைக்கலாம், மோட்டார் உள்ளவன் ஏரியை வழிக்கலாம், அதற்குப் பெயர் சுதந்திரமாம்! அந்தச் சுதந்திரத்துக்கு அணை போட்டது எது? இன்று உனக்கு, நாளை எனக்கு என்று சீட்டுக் குலுக்கி ஏரியை முறைவைத்துப் பங்கிடும் நம் பாடு அல்லவா? தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அடுத்துச் சொல்லப்போவதற்குத் தட்டமாட்டீர்கள்.

தாராளவாதத்தை எதிர்த்தவர்கள் எல்லாரும் ஏழைக்காகவா எதிர்த்தார்கள்? முடிமன்னன் எதிர்த்தான், குடிமகன் கேள்வி கேட்பானே என்று. மதபீடம் எதிர்த்தது, மனிதன் தானாக யோசிப்பானே என்று. சர்வாதிகாரி எதிர்த்தான், நாடுதான் எல்லாம், நீ ஒன்றுமில்லை என்று. நம் ஊர் எதற்காக எதிர்க்கிறது?

போன ஐப்பசிப் புயலில் கரை திரும்பாத படகைத் தேடிப் போகச் சொன்னது ஊர். பிரதாப் மறுபேச்சில்லாமல் போனான். காணாமல் போனவர்கள் கரையேறினார்கள். தேடப் போனவன் பிணமாக ஒதுங்கினான். ஊருக்காக உயிர் கொடுத்தவன் என்று இதே தலைவர்தான் மாலை போட்டார்.

அவன் மனைவி ஜமுனா நேற்று, சீட்டுக்குப் பெயர் எழுதும் இடத்துக்கு வந்தாள். பிரதாப்பின் பங்கைத் தன் பெயரில் எழுதச் சொன்னாள். ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது, ஆளாளுக்கு உரிமை கேட்பதெல்லாம் தாராளவாதம் என்று திருப்பி அனுப்பினார் தலைவர். அப்போது அவள் கேட்டாள்:

"சாவறப்போ ஊரு ஆளு, பாடு கேட்டா மட்டும் தனி ஆளா? இது இன்னா நாயம் நைனா?"

அந்தக் கேள்வியைத்தான் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

என்ன ஐயா, பின்வரிசையில்? பொம்பளை வலை இழுப்பாளா என்றா கேட்கிறீர்? உம்முடைய முறையன்று நீரா இழுக்கிறீர்? கூலிக்கு ஆள் விட்டுவிட்டுக் கரையில் பீடி பிடிக்கிறீர்! பீடி பிடிப்பதைத் தவிர மற்றதை அவளும் செய்வாள்.

நெஞ்சு கொதிக்கிறது எனக்கு! வலியவனிடமிருந்து எளியவனைக் காக்கப் போட்ட வேலியை, எளியவள் கழுத்தில் சுற்றுவதா? ஆளை அழித்து ஊரை வளர்ப்பதா? ஆளே இல்லாமல் ஏது ஐயா ஊர்?

தலைவர் அவர்களே, நாளைக் காலையில் குலுக்கல். சீட்டுப் பானையில் ஜமுனாவின் பெயர் விழவேண்டும். விழாவிட்டால் தமிழ்வேந்தன் என்ற என் பெயர்ச்சீட்டையும் கிழித்தெறியுங்கள். அவளுக்கில்லாத பாடு எனக்கும் வேண்டாம்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. பதில் சொல்லப்போகும் தலைவருக்கு வணக்கம்.