இன்னொருக்கா மிதவையப் பாரு

இல்லப்பா. நான் சொல்றதக் கேளு. மிஷின்தான். வேற ஒண்ணுமில்ல. வந்ததும் வராததுமா மிஷினு நல்லாத்தான் இருக்குன்னா என்ன அர்த்தம்? மீன்தொட்டி மூடியத் தொறந்து எட்டிப் பாத்த, அம்புட்டுத்தான? வத்தலக்குண்டுல இருந்து மலையேறி வந்தவன், கையவிட்டு நல்லாப் பாரு.

செருப்பக் கழட்டாத. தரை ஐஸாக் கெடக்கு.

சன்னலா? தொறந்துதான் கெடக்கும். விடு. மேகம் உள்ள வந்தா வரட்டும். மீனுக்குக் குளுரும்னா அதுக்குத்தான் ஹீட்டரு போட்டுருக்கீங்கள்ல, நீயும் மதனும் சேந்து. எம்மவன் நல்ல ஆளு. வேலை பாக்கிறது கப்பல்ல. வீட்டுக்குள்ளயும் ஒரு கடல் வேணும்னான். கண்ணாடித் தொட்டிய வாங்கி, உப்பக் கரைச்சு ஊத்துனீங்க ரெண்டு பேரும். இப்ப அவன் எங்கயோ நடுக்கடல்ல கெடக்கான். இந்தக் கடல நான் காவல் காத்துக்கிட்டு இருக்கேன்.

ஏ பாப்பா! உள்ள வராத. வாசல்லயே வெளையாடு. குல்லாயக் கழட்டாத. ஆமா, மீன் மாமாதான் வந்துருக்காரு. தாத்தா கூப்புடுற வரைக்கும் படியத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்.

மதன் மகதான். வளந்துட்டா. அவ அம்மா தேவகுமாரி மன்னவனூர்ல நர்சு. வெள்ளனே பஸ் ஏறுனா சாயங்காலந்தான் வருவா. பகல் பூராம் பாப்பா எங்கிட்டத்தான். அதுக்குத்தான் வெரசாப் பாருங்கிறேன். அந்தா கீழ பிளக் கட்டை கெடக்கு பாரு. தொட்டி வழிஞ்சு அதுல தண்ணி இறங்குனா என்னாகும்? அந்தத் தரையிலதான் பாப்பா பொம்மையப் பரப்பிக்கிட்டு உக்காந்துருக்கும்.

ரெண்டு தடவ ஆயிருச்சு. விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா தொட்டி தளும்பிக் கெடக்கு. தரை பூராம் தண்ணி. மேல டிரம்மு காலி. அம்புட்டு நல்ல தண்ணியும் தொட்டிக்குள்ள இறங்குனா உப்பு எங்க நிக்கும்? அந்த ஆரஞ்சு மீனு ரெண்டு மல்லாக்க மெதந்துச்சு. தேவகுமாரி எந்திரிச்சு வந்தா. தரையப் பாத்தா, பாப்பாவப் பாத்தா, என்னையப் பாத்தா. இன்னொருக்கா ஆச்சுன்னா பிள்ளையக் கொண்டு போயி பாலசமுத்திரத்துல அவ அம்மா வீட்டுல விட்டுருவா. எனக்குத் தெரியும்.

தெரியும்ப்பா, எனக்கே பாடம் நடத்தாத. தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. கொறைஞ்ச அளவுக்கு டிரம்முல இருந்து நல்ல தண்ணி தானா இறங்கணும். மிதவை இறங்குனா கரண்டு வால்வு தொறக்கும், ஏறுனா மூடும். அதான? தண்ணி சோலி எனக்குத் தெரியாதாக்கும்? இந்த ஊருக்குத் தண்ணி தொறந்து விட்டவன் நானு. அருள்தாஸ் தொறக்கலேன்னா லாட்ஜுல எவனும் குளிக்க முடியாது. அத விடு. மிதவையப் பாரு.

நத்தை ஒட்டியிருக்கும். இல்லயா? பாசி? ஒரு பொட்டுக்கூடவா இல்ல? நல்லாத் தொடச்சுட்டுப் பாரு. கண்ணாடி போட்டுட்டுப் பாரு.

சரி, கையால இறக்கு. ம். தண்ணி வருது. ஏத்து. ம். நிக்குது. மறுக்கா. அது நீ முன்னால நிக்கிறப்ப ஒழுங்காத்தான் நடக்கும். பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்சன் வந்தா களவாணிப் பயகூடக் கையக் கட்டித்தான் உக்காந்திருப்பான்.

என்ன வாடை? இப்பவா? எங்கிட்டு? நல்லா மோந்து சொல்லு. எனக்கு மூக்கு வேலை செய்யாதுப்பா, அந்தப் பெரிய காய்ச்சல் வந்து போனதுல இருந்து. இங்கிட்டு வந்து மோந்து பாரு. இங்க? தொட்டி வாடைதானா? நெசமா? சரி. ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

டீயெல்லாம் கெடையாது. தேவகுமாரி போனப்பறம் அடுப்பு பத்த வைக்கல. முக்குல கடை இருக்கு, போறப்ப குடிச்சுக்கோ. இப்ப எங்க எந்திரிக்கிற? போறப்பன்னு தான சொன்னேன். உக்காரு. சோலியப் பாரு.

அந்தக் கரண்டு வால்வக் கழட்டு. உள்ள மண்ணு அடைச்சிருக்கும். நம்ம ஊருத் தண்ணிதான, என்ன வரும்? எத்தன வால்வுல பாத்திருக்கேன், ஒரு பொடிக்கல்லு வாயில நின்னுக்கிட்டா மூடுன மாதிரி இருக்கும், மூடாது. அதான். அதேதான் இது. கழட்டுப்பா.

என்ன, சுத்தமா இருக்கா? எங்க, இங்க கொண்டா. வெளிச்சத்துல பிடி.

ம்.

சரி, மாட்டு. அப்ப வயரு. மழைக்காத்துல ஈரம் ஏறியிருக்கும். அப்பறம் அந்தச் சின்னப் பொட்டி, மினுக்கு மினுக்குங்குதே, அதுக்குள்ள ஏதாவது... ஏலே! ஏலே, லைட்டர உள்ள வை! உள்ள வைங்கிறேன்ல! பையில போடு. போட்டுட்டியா?

கோவமில்லப்பா. உக்காரு. கையத் தட்டி விட்டேன், வலிக்குதா? பயந்துட்டேன், அதான். டியூபு விறைச்சுப் போச்சுன்னா சூடு காட்டித்தான் மாட்டணும், எனக்குத் தெரியாதா? பிளாஸ்க்குல சுடுதண்ணி கெடக்கு, தேவகுமாரி ஊத்தி வச்சுட்டுப் போனது. அதுல முக்கு, இளகிரும். இந்த வீட்டுக்குள்ள நெருப்பு வேணாம். இன்னைக்கு வேணாம்.

குளுருதா? சன்னல் தொறந்து கெடக்குல்ல. மூடாதன்னா மூடாத.

இப்ப என்ன பண்ற? டம்ளரா? ஆங், டியூபு நுனிய வெத்து டம்ளருக்குள்ள விட்டு வைக்கப் போற. மூடுன வால்வுல ஒழுகல் இருந்தா சொட்டும். நல்ல ரோசனை. வையி. சொட்டும் பாரு. கட்டாயம் சொட்டும். பேசாம இரு.

இன்னைக்கா? இன்னைக்கு வழியல. வழிஞ்சாத்தான் கூப்புடணுமா? காலையில போன்ல அந்தக் கத்து கத்துனீங்களேன்னா, என் கொரலு அப்படி. மேகத்துக்குள்ள நின்னு கத்திக் கத்தி வந்த கொரலு. நீ டம்ளரப் பாரு.

சொட்டலயா.

இன்னும் செத்த நேரம் பாப்பம்.

சொட்டல. சரி. டம்ளரு காஞ்சு கெடக்கு. கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு.

பைய ஏன் கட்டுற? கட்டாத. இன்னொருக்கா மிதவையப் பாரு. பாத்துட்டன்னா என்ன? மறுக்கா பாத்தா தேஞ்சா போகும்? அடேய், ரெண்டு தடவ தொட்டி வழிஞ்சிருக்கு. மிஷினு நல்லாருக்குன்னா தண்ணி எப்படி இறங்கும்? காட்டுமாடு வந்து தொறந்து விட்டுச்சா? காட்டுமாடு இரும்புக் கேட்ட முட்டும், கேரட்டத் திங்கும். வால்வு தொறக்காது.

எது? அதுவா. அது கை வால்வு. கரண்டு போனா டிரம்முலருந்து நேரா விடுறதுக்கு மதன் வச்சது. அத எவனும் தொடுறதில்ல. மூடித்தான் கெடந்துச்சு. ரெண்டு தடவயும் மூடித்தான் கெடந்துச்சு.

துணியா? ஒழுகலுக்குக் கட்டுனது. தேவகுமாரிகூட அப்படித்தான் சொன்னா. அத அவுக்காத. கைய எடு. கைய எடுப்பா.

ஒழுகாத வால்வுக்கு எதுக்கு ஒழுகல் துணின்னு கேப்ப. கேளு. கேக்க வேண்டியதுதான்.

உக்காரு. நானும் உக்காருறேன்.

மேகம் இறங்குனா இந்த ஊருல எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது. உனக்குத் தெரியும்ல, மலையேறி வர்றவன்தான. அப்பறம் எந்த வால்வு தொறந்து கெடக்கு, எது மூடிக் கெடக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கையால தடவித்தான். எங்கூட வேலை பாத்த நல்லசாமியும் நானும் ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். தொறந்த ஒடனே திருகுல ஒரு துணியக் கட்டிரணும். மூடுனா அவுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிரணும். துணி இருந்தா தண்ணி ஓடுது. அம்புட்டுத்தான் கணக்கு. இந்த ஊருல வேற எவனும் அப்படிக் கட்டுனதில்ல.

முதத் தடவ நானும் மிஷின்தான்னு நெனச்சேன். நெசமாத்தான். ரெண்டாவது தடவ வந்து பாத்தா துணி கெடக்கு. வால்வு முழுசாத் தொறந்து கெடக்கு. மூடித்தான் கெடந்துச்சுன்னு சொன்னது பொய். நாந்தான் மூடுனேன், தேவகுமாரி எந்திரிக்கிறதுக்கு முன்னால. ஆனா துணிய அவுக்கல. கை போகல. அவுத்துப் பையில போட்டா, நான் கட்டுனதுன்னு ஆயிரும்ல.

நல்லசாமியா? அவன் செத்துட்டான். அவன் ஆவி வந்து கட்டுச்சோன்னுகூட நெனச்சுப் பாத்தேன், சிரிக்காத. பேயின்னா பரவாயில்லன்னு இருந்துச்சு. பேயிக்கு மந்திரிச்சுக்கலாம்.

இந்தா, எங்கட்டை விரலப் பாரு. வால்வுக் குழியோட இரும்பு மூடி விழுந்து நசுங்குனது, மடங்காது. அதனால நான் போடுற முடிச்சு மட்டும் பொரண்டு உள்பக்கமா விழும். நல்லசாமி கேலி பண்ணுவான், நொண்டி முடிச்சும்பான். இப்ப அந்தத் துணியப் பாரு. எந்தப் பக்கம் விழுந்திருக்கு? உள்பக்கம். காக்கித் துணி. பெட்டியில கெடந்த என் பழைய சட்டையில ஒரு கையக் காணோம். எப்பக் கிழிச்சேன்? தெரியாது. சத்தியமாத் தெரியாதுப்பா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. மேகம் மாதிரி இருக்கு.

அதான் மிஷினு கெட்டுருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன் நீ வர்ற வரைக்கும். ஒரு சொட்டு, அந்த டம்ளருல ஒரே ஒரு சொட்டு விழுந்திருந்தாப் போதும்.

மீனு கெடக்கட்டும்பா. மீனுக்கா இப்படிப் பதறுவேன்? எந்திரி. அடுப்படிக்கு வா. பயப்படாத, மூடிட்டேன். அந்த சிலிண்டரு கழுத்தப் பாரு.

அதே காக்கி. அதே முடிச்சு.

இன்னைக்குத்தான். தேவகுமாரி பஸ்சுக்குப் போனப்பறம். பட்டப்பகல்ல. நான் செத்த சாஞ்சு கெடந்தேன், அம்புட்டுத்தான் எனக்கு ஞாபகம். பாப்பா வந்து எழுப்புது. தாத்தா, அழுகுன முட்டை நாறுதுங்குது. எனக்கு ஒண்ணும் நாறல. அவ கையப் பிடிச்சுக்கிட்டு வந்தா, ரெகுலேட்டரு தொறந்து கெடக்கு, அடுப்புத் திருகு தொறந்து கெடக்கு, நெருப்பு இல்ல. உஸ்ஸுன்னு சத்தம் மட்டும். லைன்ல தண்ணி வர்றதுக்கு முந்தி காத்து வருமே, அதே சத்தம்ப்பா. நம்ப மாட்ட, அந்த வாசல்ல நின்னு சந்தோசப்பட்டேன். தண்ணி வந்துருச்சுன்னு.

பாப்பாதான் இருமுச்சு. அப்பறந்தான் மூடுனேன். அவளத் தூக்கி வாசல்ல போட்டேன். சன்னல் பூராம் தொறந்து விட்டேன்.

தேவகுமாரிக்கு அடிச்சேன், மன்னவனூர்ல எங்க போனு கெடைக்கும்? இங்கிட்டு அங்கிட்டு எல்லாம் பங்களா, சீசனுக்குத்தான் ஆளு வரும், பூட்டிக் கெடக்கு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டுல இறங்கலாம்னா, நடுவுல மறுபடியும் அந்த மேகம் வந்துட்டா அவள எங்க விட்டுட்டுப் போவேன்னு எனக்கே தெரியாது. அப்பத்தான் உன் நெனப்பு வந்துச்சு. மீனுக்குன்னு சொன்னா வருவ. இதுக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அந்தத் துணிய அவுக்காத. ரெண்டையும் அவுக்காத. அவ வந்து பாக்கட்டும். நான் சொல்ல மாட்டேன், என்னால முடியாது. நீயே காட்டிரு. பாலசமுத்திரத்துக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரச் சொல்லு.

நாலு மணி பஸ்சுக்கு வந்துருவா. அது வரைக்கும் இரு. சோலி இல்லேன்னாலும் இரு. ஸ்டூல எடுத்து வாசல்ல போட்டு பாப்பா பக்கத்துல உக்காரு. அவகிட்ட மீன் கதை ஏதாவது சொல்லு.

நானா? நான் கேட்டுக்கு வெளிய நின்னுக்கிறேன். குளுரெல்லாம் எனக்குப் பழக்கம். இந்தா கேட்டுச் சாவி. உள்ளருந்து பூட்டிக்கோ. அவ வர்ற வரைக்கும், நானே வந்து தட்டுனாலும் தொறக்காத.