நான்காம் காட்சியின் கை நடுக்கம்

ஒரு டம்ளரில் தண்ணீர் எந்த அளவில் இருந்தது என்பதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. நான் கவனிப்பேன். அதற்காகத்தான் என்னைப் படத்தில் சேர்த்தார்கள்.

கல்லூரியில் கடைசி ஆண்டுப் படம். பதினொரு நிமிடம். கதை வழக்கமானதுதான்: ஒரு மேசை, நோயாளித் தாய், வராத மகன். எழுதி இயக்கியவனை டைரக்டர் என்று கூப்பிட்டோம். அவனும் அதை நம்பினான். எனக்குக் கன்டினியூட்டி. ஒரே காட்சியை வெவ்வேறு நாளில் எடுத்தாலும் ஒரே மூச்சில் நடந்ததுபோல இருக்க வேண்டும். தலைமுடி எந்தப் பக்கம், எத்தனை பட்டன் போட்டிருந்தது, கடிகாரத்தில் மணி என்ன, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து நோட்டில் எழுதுவேன். நன்றாகச் செய்தால், இப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

தாயாக நடித்தது என் அத்தை. படிப்புக்காக மூன்று வருடம் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். மாமா லாரி ஓட்டுகிறார். மாதத்துக்கு இரண்டு முறை வருவார். முதல் தடவை படம் எடுத்தபோது, அத்தைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். கன்னம் ஒட்டியிருந்தது. டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கும்.

"செமயா பண்றாங்கடி உங்க அத்தை" என்றான் டைரக்டர்.

அத்தை எதுவும் பண்ணவில்லை. தண்ணீர் குடித்தார்.

நான்காம் காட்சியில் பாதிதான் முடிந்தது. அத்தை டம்ளரைத் தூக்குவதைத் தூரத்திலிருந்து எடுத்திருந்தோம். அதே கை உதடுவரை போவதை அருகிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டையும் கை நகரும்போது வெட்டி ஒட்டினால் ஒட்டு தெரியாது. அதற்குள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. வகுப்புக்கே ஒரு கேமரா. எங்கள் முறை மறுபடி வரப் பத்து வாரம் என்றார்கள்.

ஆறாவது வாரம் அத்தையை அதே நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தேன். மாத்திரை வேலை செய்திருந்தது. கன்னம் நிரம்பியிருந்தது. கை அசையவில்லை. நடுங்கச் சொன்னேன். நடுங்கினார். பஸ்ஸில் கடைசி சீட்டில் போகிறவர் மாதிரி இருந்தது.

"நீங்க நடிக்கிறது தெரியுது அத்தை."

"எனக்கா நடிக்க வராது? இருபத்தஞ்சு வருஷமா உங்க மாமா சொல்ற ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறேன்டி. அந்த மனுஷன் இன்னும் கண்டுபிடிக்கல."

டைரக்டரிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் காட்டினேன். "விடுடி, எவன் பாக்கப் போறான்?" என்றான். வேலையை மதிக்காதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

மற்ற வழிகளையும் யோசிக்காமல் இல்லை. கன்னத்துக்கு மேக்கப் உண்டு, நடுக்கத்துக்குக் கிடையாது. கேமராவை ஆட்டலாம். அதை எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்கிறார்கள்.

கண்ணாடி போட்டாலும் அத்தைக்கு மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்து தெரியாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதைப் பிரித்து டப்பாவில் போட்டுவைப்பது என் பொறுப்பு. அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை ஒன்று கடையில் கிடைத்தது. அதைப் போட்டேன். கெடுதலான எதையும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு இருந்தபடி இருக்கவிட்டேன், அவ்வளவுதான்.

முதலில் விரல் நுனியில் ஆரம்பித்தது. தினமும் காலை எட்டு மணிக்கு, அதே சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். ஒன்பதாவது வாரக் கடைசியில் பழைய படத்தோடு சரியாகப் பொருந்தியது. பிறகு அதையும் தாண்டிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுடி" என்றார் அத்தை. "மாத்திரை கேக்கலையோ என்னமோ. டாக்டரை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா?"

"வியாழக்கிழமை ஷூட்டிங் இருக்கே அத்தை. வெள்ளிக்கிழமை கண்டிப்பா போலாம்."

"அதுவும் சரிதான். ஹீரோயின் படுத்துட்டா உன் படம் என்னாகும்?"

வியாழக்கிழமை அருகிலிருந்து எடுத்தோம். கை உதடுவரை போனது. தண்ணீர் தளும்பி மோவாயில் வழிந்தது. டம்ளரை மேசையில் வைக்கும்போது அத்தை நாற்காலியோடு சரிந்தார். "இது ஸ்கிரிப்ட்ல இல்லையே" என்றான் டைரக்டர். நான் முதலில் கை கிடந்த விதத்தைப் படம் எடுத்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இடையில் நாற்பது விநாடி. உங்கள் தாளில் 'சிறிது நேரம்' என்று போட்டிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவிடம், நடுக்கம் எப்போதிலிருந்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் நோட்டைக் கொடுத்தேன். தேதி, எடை, நடுக்கம் எல்லாம் வரிசையாக இருந்தன. 'ஏழாம் வாரம், திங்கள்: மாத்திரை மாற்றப்பட்டது' என்பதும் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாமே என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். பக்கம் விட்டுப்போன நோட்டை வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது.

மறுநாள் மாலை டைரக்டர் லேப்டாப்போடு ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, நான்காம் காட்சியை ஒட்டிக் காட்டினான். ஒட்டு எங்கே என்று அவனே இரண்டு முறை தேடினான். ஐந்தாம் காட்சியில், வேறு ஊரில் இருக்கும் மகனின் கடிகாரம் இடது கையிலிருந்து வலது கைக்குப் போயிருக்கிறது. அதை எடுத்தபோது நான் அங்கே இல்லை.

மூன்றாம் நாள் காலை அத்தை இறந்தார்.

மாமா இங்கே வந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவ உனக்கு என்னம்மா பண்ணா?"

ஒன்றும் பண்ணவில்லை. நான் எதைக் கேட்டாலும் சரி என்பார். இதையும் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே மாத்திரையை மாற்றிய கை என்னுடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். முடிவு எங்கள் இருவருடையது.